ஒரு ஆள், இரண்டு கல்லா

ரயில் டிக்கெட் கைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஜூலை 1 அன்று அறிமுகமான 'ரயில்ஒன்' செயலியில் முன்பதிவு, முன்பதிவில்லாப் பயணம், பிளாட்பார டிக்கெட் எல்லாமே அடக்கம். நல்ல வசதிதான். ஆனால் செயலி வளர வளர, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதர் எதற்கு என்ற கேள்வியும் கூடவே வளர்கிறது. பெரிய ஸ்டேஷன்களில் இது வரிசை எவ்வளவு நீளம் என்பதோடு முடிந்துவிடும். சின்ன ஸ்டேஷன்களில் அந்த ஸ்டேஷனே பிழைக்குமா என்பது வரைக்கும் போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒன்றும் புதிதல்ல. டிக்கெட் கவுன்ட்டரையும் ஸ்டேஷன் கடையையும் ஒன்றாக்குவது. டீ, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், நாளிதழ் விற்பவரே டிக்கெட்டும் கொடுப்பது. கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம், தொழிற்சங்கத்தாருக்குக் கோபம் வரலாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. இருந்தாலும் இதைப் பேசியாக வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சின்ன ஸ்டேஷனில் காலை பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இது பல ஊர்களின் கதை. வண்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. டிக்கெட் ஜன்னலின் மரக்கதவு சாத்தியிருந்தது. பூக்கூடையோடு வந்த அம்மா ஒருவர் விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு கூடையை இறக்கிவைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணி எடுத்த பத்து ரூபாயை மறுபடி அதே முடிச்சில் போட்டுக் கட்டிக்கொண்டார்.

"டிக்கெட் இல்லாமலா போவீங்க?" என்று கேட்டேன். "குடுக்க ஆளிருந்தா வாங்க மாட்டனா தம்பி?" என்றார். வண்டி வந்தது, ஏறிவிட்டார். வழியில் பரிசோதகர் வந்திருந்தால் கட்டணத்துக்கு மேல் குறைந்தது 250 ரூபாய் அபராதம். அவருடைய கூடையில் இருந்த மொத்தப் பூவும் அன்றைக்கு அவ்வளவு லாபம் தந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்த ஸ்டேஷனுக்கு வெளியே, இருபது அடி தூரத்தில், ஒரு டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் விடிவதற்கு முன்பே வந்துவிட்டாராம். அவரிடம் ஆள் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சில்லறை இருக்கிறது. டிக்கெட் மட்டும் இல்லை.

விற்காத டிக்கெட், நிற்காத வண்டி

ஜன்னல் மூடிக் கிடப்பதை வெறும் அசௌகரியமாகத்தான் பலரும் நினைக்கிறோம். அதன் விளைவு அதைவிடப் பெரிது. ஒரு ஊரில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை ரயில்வே டிக்கெட் விற்பனையை வைத்துத்தான் பார்க்கிறது. தலையை எண்ண யாரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

ஜன்னல் மூடியிருந்தால் மக்கள் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் போகிறார்கள். அல்லது அடுத்த பெரிய ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் அங்கே டிக்கெட் எடுக்கிறார்கள். அல்லது பஸ்ஸுக்கு மாறிவிடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த ஊர்க் கணக்கில் பயணி குறைகிறார். பிறகு ஒரு நாள், வருவாய் போதவில்லை என்று ஒரு வண்டியின் நிறுத்தம் எடுக்கப்படுகிறது. ஊர்க்காரர்கள் மனு கொடுக்கிறார்கள், எம்.பி.யைப் பார்க்கிறார்கள். காகிதத்தில் இருக்கும் எண்ணோ அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது.

கொரோனா காலத்தையும் அதற்குப் பின்னான ஆண்டுகளையும் நினைத்துப் பாருங்கள். பாசஞ்சர் வண்டிகள் 'ஸ்பெஷல்' என்ற பெயரில் ஓடி, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. அதற்குள் எத்தனையோ பேருக்கு ரயில் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒருமுறை விட்டவர்களைத் திரும்ப அழைக்க வேண்டுமென்றால், முதலில் ஸ்டேஷன் திறந்திருப்பதுபோலத் தெரிய வேண்டும்.

"செயலிதான் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. தினமும் நானும் அதில்தான் எடுக்கிறேன். ஆனால் பொத்தான் போன் வைத்திருப்பவர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர், டேட்டா தீர்ந்தவர், சார்ஜ் இறங்கியவர், பேரனுடைய போனை நம்பி வந்தவர் என்று சின்ன ஸ்டேஷனின் கூட்டத்தில் பாதி இவர்கள்தான். போதாக்குறைக்கு, தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றுகொண்டு செயலியில் சாதாரண முறையில் டிக்கெட் எடுக்க முடியாது. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைத் தேடிப் போய் ஸ்கேன் செய்ய வேண்டும். வண்டி ஹாரன் அடிக்கும் நேரத்தில் இதை ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், தெரியும். சலுகைச் சான்றிதழோடு வரும் மாற்றுத்திறனாளிக்கும் நோயாளிக்கும் ஒரு ஜன்னலும் அதற்குப் பின்னால் ஒரு முகமும் வேண்டியிருக்கிறது.

லிவர்பூலில் ஒரு கடை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தையும் மெர்சி ஆற்றின் மறுகரையையும் இணைப்பது மெர்சிரயில் என்ற உள்ளூர் ரயில் சேவை. நம் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அறுபதுக்கு மேற்பட்ட ஸ்டேஷன்கள். 2003-இல் அதை நடத்தும் பொறுப்பு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது அதில் ஒரு பங்காளி, நெதர்லாந்து அரசு ரயில்வேயின் துணை நிறுவனம்.

அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, பல ஸ்டேஷன்களில் பழைய டிக்கெட் அறையை உடைத்து 'எம் டு கோ' என்ற பெயரில் சிறு கடையாக மாற்றியது. கண்ணாடித் தடுப்பும் அதில் கையளவு ஓட்டையும் போயின. திறந்த கவுன்ட்டர் வந்தது. அதே ஊழியர், அதே கல்லா. காபி, நாளிதழ், சாக்லேட், தண்ணீர், கூடவே டிக்கெட்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது காபியை அல்ல. அந்தக் கடையில் நிற்பவர் ரயில் நிறுவனத்தின் ஊழியர். கடை வைக்க வந்த யாரோ ஒருவர் கையில் டிக்கெட்டைத் திணிக்கவில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கே கடையையும் கொடுத்து, அவர் அங்கே நாள் முழுக்க நிற்பதற்கு ஒரு வருமானக் காரணத்தை உண்டாக்கினார்கள். கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் டிக்கெட் அறையில் ஒருவரை வைத்திருப்பது செலவு. கடையில் வைத்திருந்தால் நாலு காபியாவது விற்கும்.

இதே இங்கிலாந்தில் நேரெதிரான ஒரு முயற்சியும் நடந்தது. 2023 ஜூலையில், ரயில் நிறுவனங்கள் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான டிக்கெட் அலுவலகங்களை மூடும் திட்டத்தை அறிவித்தன. எட்டில் ஒரு டிக்கெட்தான் அலுவலகங்களில் விற்கிறது, மற்றதெல்லாம் இயந்திரத்திலும் இணையத்திலும் போய்விட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். கணக்கு சரிதான். ஆனால் பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது ஏழரை லட்சம் பதில்கள் வந்து குவிந்தன. பார்வையற்றோர், முதியோர், சக்கர நாற்காலியில் வருவோர் என்று அந்த எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தவர்கள் யார் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. பயணிகள் நலனுக்கான கண்காணிப்பு அமைப்புகள் ஆட்சேபம் தெரிவித்தன. அக்டோபர் 31 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

ஜப்பானிலும் ஏறக்குறைய இதேதான். கிழக்கு ஜப்பான் ரயில்வே, ஆள் இருக்கும் முன்பதிவு ஜன்னல்கள் உள்ள 440 ஸ்டேஷன்களை 2025-க்குள் 140 ஆகக் குறைப்பதாக 2021-இல் அறிவித்தது. மிச்சமிருந்த ஜன்னல்களில் வரிசை நீண்டு, பயணிகள் கொதித்துப்போனதால், 2024 மே மாதம் குறைப்பதை நிறுத்திவைத்தது. இயந்திரத்தோடு ஜப்பானியர்களைவிட அதிகம் பழகியவர்கள் யார்? அவர்களுக்கே ஜன்னல் தேவைப்பட்டிருக்கிறது.

பாதி நம்மிடமே இருக்கிறது

நம் ரயில்வேக்குத் தனியாரிடம் டிக்கெட் விற்கக் கொடுப்பது ஒன்றும் புதிதல்ல. 'ஹால்ட்' எனப்படும் நிறுத்தங்களில் டிக்கெட் கொடுப்பவர் காலங்காலமாகக் கமிஷன் ஏஜென்ட்தான். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் பணம் கட்டி டிக்கெட் கட்டுகளை வாங்கி வருவார், விற்பதற்கேற்பக் கமிஷன் எடுத்துக்கொள்வார். தடித்த அட்டை டிக்கெட்டைத் தேதி முத்திரைக் கருவியில் சொருகி 'டக்' என்று எடுத்துக் கொடுத்த கைகள் பல அவர்களுடையவை. அந்த அட்டை டிக்கெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேஷன் மாஸ்டர். 1830-களில் இங்கிலாந்தில் தொடங்கியது உலகமெல்லாம் பரவி, நம் ஊரில் ஒன்றரை நூற்றாண்டு ஓடியது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 'ஜன்சாதாரண் டிக்கெட் புக்கிங் சேவக்' என்ற நீளமான பெயரில், ஊருக்குள் கடை வைத்திருப்பவர்கள் தலைக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு முன்பதிவில்லா டிக்கெட் கொடுக்கும் திட்டம் வந்தது. சின்ன ஸ்டேஷன்களுக்கு 'ஸ்டேஷன் டிக்கெட் புக்கிங் ஏஜென்ட்' முறை வந்தது. இவர் ரயில்வேயின் அறையில் ரயில்வேயின் இயந்திரத்தில் டிக்கெட் கொடுப்பார், சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். தானியங்கி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்களும், அதில் பலர் ரயில்வே ஓய்வூதியர்கள், இப்படித்தான்.

கடைகளுக்கும் குறைவில்லை. டீ ஸ்டாலுக்கு ஒரு உரிமம், பல்பொருள் ஸ்டாலுக்கு இன்னொரு உரிமம். 2022-இலிருந்து 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று உள்ளூர்த் தயாரிப்புகளுக்கான சின்னக் கூண்டு ஒன்று வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை, தனிக் கோப்பு, தனிக் கையெழுத்து. நூறு பேர் இறங்கி ஏறும் ஸ்டேஷனில் டிக்கெட் ஏஜென்ட் ஒருவரும் டீ ஸ்டால்காரர் ஒருவரும் தனித்தனியாக நஷ்டப்பட்டுத் தனித்தனியாக மூடிவிட்டுப் போவார்கள். இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தால் என்ன என்று எந்தக் கோப்பும் கேட்பதில்லை. ஏனென்றால் அது இரண்டு கோப்பு.

இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி தபால் துறையில் இருக்கிறது. கிராமத்துக் கிளை அஞ்சலகத்தை நடத்துபவர் முழுநேர அரசு ஊழியர் அல்ல. அவருக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பதே அந்த வேலையின் விதிகளில் ஒன்று. வீட்டுத் திண்ணையிலும், மளிகைக்கடையின் ஒரு மூலையிலும் நம் தாத்தாக்கள் மணியார்டர் வாங்கியது இப்படித்தான். உப்பும் புளியும் நிறுத்துப் போட்டவரே தபால் தலையும் கிழித்துக் கொடுத்தார். தபால் துறையின் மரியாதை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சின்ன ஸ்டேஷனில் நாளைக்கு 150 டிக்கெட், சராசரி 20 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விற்பனை 3,000 ரூபாய். கமிஷன் 15 சதவீதம் என்று கொண்டால் 450 ரூபாய், மாதம் 13,500. விடிகாலை முதல் வண்டியிலிருந்து இரவு கடைசி வண்டி வரை திறந்து வைக்க இரண்டு ஆள் வேண்டும். இந்தத் தொகையில் ஒருவரே நிற்க மாட்டார். அதனால்தான் ஏஜென்ட் இரண்டு வண்டிக்கு வருவார், மூன்றாவது வண்டிக்கு வர மாட்டார்.

அதே இடத்தில் நூறு டீ விற்றால், டீக்கு ஐந்து ரூபாய் மிஞ்சினால், 500 ரூபாய். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், வாழைப்பழம், நாளிதழில் இன்னொரு நூறு, நூற்றிருபது. மாதத்துக்கு 18,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டையும் கூட்டினால் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. கணவனும் மனைவியும் மாறி மாறி நிற்கும் ஒரு குடும்பத்துக்கு, அல்லது இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சுய உதவிக் குழுக் கடைக்கு, இது பிழைப்பு.

இதில் ஒரு ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். தெருமுனைப் பெட்டிக்கடையின் லாபத்தில் பெரும்பங்கு பீடி, சிகரெட், பாக்கு. ரயில் நிலையத்துக்குள் புகையிலை விற்கத் தடை, அது நியாயமும்கூட. ஆகவே வெளியே இருக்கும் பெட்டிக்கடையின் வரவை உள்ளே எதிர்பார்க்க முடியாது. உரிமக் கட்டணத்தை வெளிச் சந்தை வாடகை மாதிரி நிர்ணயித்தால் கடை ஆறு மாதம் தாங்காது. ரயில்வேயின் டெண்டர் பழக்கம் இங்கேதான் உதைக்கும்: யார் அதிகம் கட்டுகிறார் என்று பார்ப்பார்கள். யார் அதிக நேரம் திறந்து வைக்கிறார் என்று பார்க்க வேண்டிய இடம் இது.

சில்லறை விஷயம் சின்னதாகத் தெரியலாம். டிக்கெட் ஜன்னலில் ஐம்பது ரூபாயை நீட்டிப் பத்து ரூபாய் டிக்கெட் கேட்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரியது என்று. "சில்லறையா குடுங்க" என்ற ஒரு சொல்லில் வண்டியைத் தவற விட்டவர்கள் உண்டு. கடைக் கல்லாவில் ஐந்தும் பத்தும் நாள் முழுக்கப் புரளும்.

பறக்கும் ரயிலின் காலி மாடிகள்

கிராமத்து ஸ்டேஷன்களுக்கு மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வரை ஒருமுறை போய் வாருங்கள். 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, 2007-இல் வேளச்சேரியைத் தொட்ட பாதை. ஸ்டேஷன் என்றால் அரண்மனை மாதிரி கட்டிவைத்தார்கள். மாடிக்கு மேல் மாடி. வணிக வளாகமாக்கப் போவதாகச் சொல்லிக் கட்டிய தளங்கள் பல, வௌவால் வாசத்தோடு காலியாகவே கிடக்கின்றன.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அந்தப் படிக்கட்டுகளில் தனியாக ஏறும் பெண்ணுக்கு அங்கே ஒரு கடையில் எரியும் விளக்கின் வெளிச்சம் என்னவாக இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2022 ஜனவரியில் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் நடந்த சம்பவம் நினைவிருக்கலாம். விடிகாலையில் டிக்கெட் கொடுக்கும் ஊழியர் அறைக்குள் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தார், ஒரு லட்சத்துக்கு மேல் பணம் கொள்ளை என்று செய்தி வந்தது. ஒரு நாள் விசாரணையிலேயே அது ஜோடிக்கப்பட்ட நாடகம் என்று போலீஸ் சொன்னது. குற்றத்தை விடுங்கள். அந்தக் கதையை முதலில் எல்லோரும் நம்பினோம், இல்லையா? சென்னையின் நடுவே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில், ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது என்பது நமக்கு ஆச்சரியமாகவே இருக்கவில்லை. அந்தக் கவுன்ட்டர் அவ்வளவு தனியாக இருந்தது.

கூட்டம் மட்டும் பாதுகாப்பு தராது என்பதும் நமக்குத் தெரியும். 2016-இல் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்டது காலை நேரத்தில், ஆட்கள் நின்றுகொண்டிருந்த பிளாட்பாரத்தில். பயணிகள் பயந்து ஒதுங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தினமும் அங்கேயே இருப்பவர், யார் வழக்கமாக வருகிறார், யார் சும்மா சுற்றுகிறார் என்று முகம் தெரிந்தவர், ரயில்வே உதவி எண்ணான 139-க்கு உடனே அழைக்க வேண்டியது தன் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், அப்படி ஒருவர் இருப்பது வேறு. அவர் போலீஸ் ஆக மாட்டார். ஆனால் பார்ப்பவராக இருப்பார்.

எதிர்ப்பில் உள்ள நியாயம்

தொழிற்சங்கங்கள் கேட்கும் கேள்வியைத் தள்ள முடியாது. "இது கடை திறக்கிற திட்டமா, வேலையைக் குறைக்கிற திட்டமா?" என்பார்கள். இன்று சின்ன ஸ்டேஷன், நாளை தாம்பரம், அடுத்து எழும்பூர் என்று போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பல ஜன்னல் கொண்ட ஸ்டேஷன்களில் ஒன்றிரண்டு மட்டுமே திறந்திருப்பதை அன்றாடம் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயற்கை.

என் கருத்து இதில் தெளிவு. புக்கிங் கிளார்க் இன்றைக்கு வேலை செய்யும் எந்த ஜன்னலையும் கடையாக்கக் கூடாது. பெரிய ஸ்டேஷனில் டிக்கெட் வரிசைக்கும் டீ வரிசைக்கும் கலப்பு கூடவே கூடாது. ரயில்வே தன் புறநகர் அல்லாத ஸ்டேஷன்களை வருவாயையும் பயணிகள் எண்ணிக்கையையும் வைத்து ஆறு தரமாகப் பிரித்திருக்கிறது. கடைசி இரண்டு தரங்களும் ஹால்ட்களும் மட்டுமே இந்தப் பேச்சுக்கு உரியவை. அவற்றுக்கு அடுத்து, ஜன்னல் இருந்தும் ஆளில்லாத பறக்கும் ரயில் வாசல்கள்.

இரண்டாவது குறை, டீ வாங்குபவருக்குப் பின்னால் டிக்கெட் வாங்குபவர் மாட்டிக்கொள்வது. முன்னால் நிற்பவர் "இதுல சர்க்கரை கம்மியா, அதுல ஸ்ட்ராங்கா" என்று ஐந்து டீ சொல்லிக்கொண்டிருக்க, சிக்னல் விழுந்துவிடும். கல்லா ஒன்றாக இருந்தால் எந்த நாட்டிலும் இந்தத் தலைவலி உண்டு. நம் ஊரில் வண்டி நேரம் தெரிந்த ஸ்டேஷன்களில் இதைச் சமாளிப்பது சுலபம்: வண்டிக்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டிக்கெட் மட்டும்தான், டீ கிடையாது என்று பலகையில் எழுதிவைக்கலாம். ஊர்க்காரர்களே அமல்படுத்திவிடுவார்கள்.

மூன்றாவது, பணம். ரயில்வே பணமும் கடைப் பணமும் ஒரே டிராயரில் கலந்தால் மாதக் கடைசியில் சண்டைதான். ஊருக்குள் டிக்கெட் கொடுக்கும் ஏஜென்ட் முன்பணம் கட்டிவைத்து, விற்க விற்க அதிலிருந்து கழிந்துகொள்ளும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. அதையே இங்கேயும் கொண்டுவந்தால் ரயில்வே பணம் ரயில்வேக்கு முன்கூட்டியே போய்விடும். கடைக்காரருக்கு டிக்கெட் என்பது முன்பணம் கட்டி எடுத்த சரக்கு மாதிரி. ஒரு ஆள், இரண்டு கல்லா, அவ்வளவுதான்.

டிக்கெட் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஸ்டேஷனுக்குள் வந்தபின் பயணிக்கு வேறு வழியில்லை. அங்கே கூடுதல் கட்டணம் வைப்பது நியாயமல்ல. கமிஷனை ரயில்வேதான் ஏற்க வேண்டும். 'சில்லறைக்குப் பதில் மிட்டாய்' என்பதும் முதல் நாளிலிருந்தே தடை. சிரிக்காதீர்கள், இது நடக்கும்.

எங்கே தொடங்கலாம்

செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை சோதனைக்கு வாகாக இருக்கும். ஒற்றைத் தடம். பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை, திருமால்பூர், தக்கோலம் என்று சின்னச் சின்ன ஊர்கள். நெசவுக்காரர்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், காஞ்சிபுரம் கோயிலுக்கு வருபவர்கள் என்று கலவையான கூட்டம். பாலூரில் ரயில்வேயின் சொந்தத் தண்ணீர் ஆலையே இருக்கிறது. 'ரயில் நீர்' பாட்டிலில் அடைபடும் ஊர்களில் ஒன்று அது. அந்த ஊர் ஸ்டேஷனில் எல்லா வண்டி நேரத்திலும் ஒரு பாட்டில் கிடைக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

இந்தப் பாதையில் நாலைந்து ஸ்டேஷன், பறக்கும் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் என்று ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். டிக்கெட், டீ, பல்பொருள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம், ஒரே கையெழுத்து. அதற்குத் தெற்கு ரயில்வேயின் வணிகப் பிரிவு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதுமா, ரயில்வே வாரியம் வரை போக வேண்டுமா என்பது அவர்கள் பார்க்க வேண்டிய வேலை. உரிமக் கட்டணம் முதல் இரண்டு ஆண்டு பேருக்கு இருக்கட்டும். பதிலுக்கு, முதல் வண்டிக்கு அரை மணி முன்பிருந்து கடைசி வண்டி போகும் வரை கதவு திறந்திருக்க வேண்டும். டிக்கெட் இயந்திரம் எத்தனை மணிக்கு முதல் டிக்கெட் அடித்தது, கடைசி டிக்கெட் எப்போது என்பது சர்வரிலேயே பதிவாகும். திறந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை. மாதத்தில் மூன்று நாள் முதல் வண்டியை விட்டால் எச்சரிக்கை, தொடர்ந்தால் டீக்கடையும் சேர்ந்து போகும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடை லாபத்துக்காக டிக்கெட்டைப் பொறுத்துக்கொள்பவர் வருவார். வரட்டும், டிக்கெட்டை விட்டால் கடை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சர்வர் படுத்துவிட்டால்? படுக்கும். அந்த நேரத்துக்கு எண்ணிட்ட காகித டிக்கெட் கட்டு ஒன்றைக் கடையில் வைத்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால், 'ஜன்னல் இயங்கவில்லை' என்ற நேரம் போட்ட ஒரு சீட்டு. அதைக் காட்டும் பயணியிடம் பரிசோதகர் கட்டணம் மட்டும் வாங்க வேண்டும், அபராதம் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குக் கடையே தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

உரிமம் கொடுப்பதில் அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவுக்கும், மாற்றுத்திறனாளிக்கும், ஏற்கெனவே அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும் ஏஜென்டுக்கும் முன்னுரிமை வேண்டும். கம்பெனி ஒன்று நூறு ஸ்டேஷனை மொத்தமாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத் தினக்கூலிக்குப் போட்டு நடத்தினால் மறுபடி பழைய கதைதான். பையன் வராத அன்று ஜன்னல் மூடியிருக்கும்.

இன்னும் ஒன்று. பெரும்பாலான சின்ன ஸ்டேஷன்களில் கழிப்பறை இருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. "சாவி யார்கிட்ட?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுங்கள். சுத்தம் செய்யத் தனியாக மாதம் ஒரு தொகை கொடுங்கள். காத்திருப்பு அறை விளக்கின் சுவிட்சும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.